கணக்குப்பிள்ளையும் டெவலப்பரும் ஒன்றுபோலப் புரிந்துகொள்ளும் தேவை ஆவணம்: புது ப்ராடக்ட் மேனேஜர்களுக்கு

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டைப் பக்கம் சின்னச் சின்ன மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. கங்கைகொண்டானில் எல்காட் வளாகம், தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ. ஊரில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்களும் உண்டு. இங்கெல்லாம் டெஸ்டராகவோ சப்போர்ட்டிலோ இருந்தவரை ஒரு நாள் கூப்பிட்டு, "இனி நீங்கதான் ப்ராடக்ட் மேனேஜர், ரெக்வயர்மென்ட் எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். எப்படி எழுதுவது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. எனக்கும் இல்லை. கிடைக்கிற மாதிரிப் படிவங்களெல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு எழுதியவை. களக்காட்டு வாழை மண்டிக்கு அவை உதவாது.

தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உதாரணம் முழுக்க ஒரே வேலையிலிருந்து: வாழைத்தார் கமிஷன் மண்டி (விவசாயியின் தாரை வியாபாரிக்கு ஏலம் விட்டு, கமிஷன் எடுத்துக்கொள்ளும் கடை) ஒன்றுக்கான கணக்கு ஆப். நீங்கள் எழுதப்போவது ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கோ இருக்கலாம், வழி இதுதான்.

முதலிலேயே ஒன்று. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைப்பதுதான் ரெக்வயர்மென்ட், அதாவது தேவை ஆவணம். அதன் ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் படிப்பார்கள்: வேலைக்குச் சொந்தக்காரர், டெவலப்பர், டெஸ்டர். "இது முடிந்ததா, முடியவில்லையா" என்று கேட்டால் மூவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். பதில் மாறுகிறது என்றால் அந்த வரி இன்னும் எழுதி முடியவில்லை.

1. பிரச்சினையை ஒரு பத்தியில் எழுதுங்கள், தீர்வை எழுதாதீர்கள்

"மண்டிக்கு மொபைல் ஆப் வேண்டும்" என்று ஆரம்பிக்கும் ஆவணத்தை மூடி வைத்துவிடலாம். ஆப் என்பது தீர்வு. என்ன கஷ்டம் என்று அதில் இல்லை.

இப்படி ஆரம்பியுங்கள்: "காலை ஏலம் முடிந்தபின் விவசாயிக்கு அவருக்குச் சேர வேண்டிய தொகையின் பட்டியல் கைக்கு வர மதியம் ஆகிறது. ஏல நோட்டிலிருந்து சிட்டைக்கும், சிட்டையிலிருந்து பேரேட்டுக்கும் ஒரே கணக்கை மூன்று முறை எழுதுகிறார்கள். தொகை தப்பினால் எந்த இடத்தில் தப்பியது என்று தேட முடியவில்லை." இதைப் படிக்கிற டெவலப்பருக்கு எதை முதலில் செய்வது என்று தானாகவே புரியும்.

அதற்குக் கீழே இரண்டே வரிகள். ஒன்று, வேலை பலித்ததா என்று எதை வைத்துப் பார்ப்போம்: "கடைசித் தார் ஏலம் போன 30 நிமிடத்துக்குள் அன்றைய எல்லாப் பட்டியலும் தயார்." இன்னொன்று, எதைச் செய்யப் போவதில்லை: "லாரி வாடகைக் கணக்கு இதில் வராது. ஆள் சம்பளம் இதில் வராது." இரண்டாவது வரியைப் பலரும் எழுதுவதில்லை. வேலை பாதி முடிந்த நேரத்தில் "லாரி வாடகையும் இருக்கும்னுல்லா நெனச்சேன்" என்று முதலாளி சொல்லும்போது காட்டுவதற்கு அந்த வரிதான் இருக்கும்.

2. வேலை நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள், காகிதங்களை அள்ளிக்கொண்டு வாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். மூன்று மாத வேலை என்றால் முதல் இரண்டு வாரம் இதற்கே போகட்டும். ஜூம் காலில் கேட்டு எழுதுவது போதாது. கூட்டத்தில் முதலாளி சொல்வது வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை. எப்படி நடக்கிறது என்பது கணக்குப்பிள்ளையின் மேசையில்தான் இருக்கும்.

ஏலம் அதிகாலையில் என்றால் அதிகாலையிலேயே போய்விடுங்கள். பேசாமல் நின்று பாருங்கள். அப்படி நின்றபோது கண்ணில் பட்டது ஒன்று: தார் இறக்குகிறவர்கள், எடை போடுகிறவர்கள் எல்லோர் விரலிலும் வாழைக்கறை. ஈரமும் கறையுமான விரலைத் தொடுதிரை சரியாகப் படிக்கவில்லை. பக்கத்துப் பொத்தான் அழுந்திவிடுகிறது. பொத்தான் குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவுக்கான அலகு) அளவு இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டின் பொதுப் பரிந்துரை, ஏறக்குறைய 9 மில்லிமீட்டர். நாங்கள் ஏலத் திரைக்கு அதைவிடப் பெரிதாகக் கேட்டோம். 'சேமி'யும் 'நீக்கு'வும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றும் எழுதினோம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு வரியும் ஆவணத்தில் வந்திருக்காது.

கேட்டு வாங்க வேண்டியவை:

- அன்றாடச் சிட்டை, பேரேடு, விவசாயிக்குத் தரும் பட்டியல், வியாபாரிக்குப் போடும் பில். ஒவ்வொன்றிலும் நிரப்பியது ஒன்று, வெற்றுத்தாள் ஒன்று.
- அடித்துத் திருத்திய பக்கங்களின் போட்டோ. சுத்தமான பக்கத்தைவிட இவை முக்கியம். எங்கே அடித்தல் இருக்கிறதோ அங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது.
- வரத்து அதிகமான ஒரு நாளின் முழுக்கணக்கு. இதைப் பத்திரமாக வையுங்கள், 7-ஆம் படியில் தேவைப்படும்.
- வரி விஷயத்தில் ஆடிட்டர் சொல்வது எழுத்தில். புதுப் பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதை ஏற்றிப்போக இ-வே பில்லும் தேவையில்லை. அப்படியிருக்க, எங்கேயோ இருந்து எடுத்த பில்லிங் படிவத்தில் 'ஜி.எஸ்.டி. எண் கட்டாயம்' என்று இருந்தால் முதல் நாளே வேலை நின்றுவிடும். அதே மண்டிக்காரர் சிப்ஸ் வியாபாரமும் சேர்த்துச் செய்கிறார் என்றால் அதற்கு வரி உண்டு. இதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ஆதார் நகல், பாஸ்புக் நகல் எதையும் "இருக்கட்டும்" என்று வாங்கி வைக்காதீர்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், என்ன காரணத்துக்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பையும் கொடுக்க வேண்டும். போட்டோ எடுத்த பக்கங்களில் பெயரையும் போன் நம்பரையும் மறைத்துவிட்டுத்தான் டீமுக்கு அனுப்ப வேண்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். "உங்களுக்கு என்னென்ன வசதி வேணும்?" என்று கேட்டால், போனில் எங்கேயோ பார்த்ததை எல்லாம் சொல்வார்கள். "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள்.

"அண்ணாச்சி, வியாபாரி எடுத்த தாருல ரெண்டு அழுகிருச்சுன்னு திருப்பி அனுப்பினா என்ன செய்வீங்க?"

"அதெல்லாம் அப்பப்ப பாத்துக்கிடுவோம் தம்பி."

"கடைசியா எப்பம் வந்துச்சு?"

"போன வாரம் கூட வந்துச்சே. ரெண்டு தாருக்கு உண்டான காசை அடுத்த பில்லுல கழிச்சுக்கிட்டோம். விவசாயிட்ட சொல்லல, அது நம்ம தலையிலதான்."

'அப்பப்ப பாத்துக்கிடுவோம்' என்று எழுதிக்கொண்டு வந்திருந்தால் ஒன்றும் இல்லை. அடுத்த கேள்வியில் மூன்று தேவைகள் கிடைத்துவிட்டன: திரும்பிய தார் அடுத்த பில்லில் கழிய வேண்டும், விவசாயியின் பட்டியல் மாறக் கூடாது, நஷ்டம் மண்டிக் கணக்கில் ஏற வேண்டும்.

3. ஒரு வரியில் ஒரு தேவை, அதில் ஓர் எண்

'வேகமாக', 'எளிதாக', 'பாதுகாப்பாக', 'தேவைப்பட்டால்', 'முடிந்தவரை', 'முதலியன'. இந்தச் சொற்களை உங்கள் ஆவணத்தில் தேடிப் பாருங்கள். இருக்கும் இடமெல்லாம் சண்டை வரப்போகும் இடம்.

"பட்டியல் வேகமாக வர வேண்டும்" என்பதற்குப் பதில்: "கணக்குப்பிள்ளை 'பட்டியல்' பொத்தானை அழுத்தினால், 200 தார் வரவுப் பதிவுகள் உள்ள நாளிலும், 3 வினாடிக்குள் திரையில் பட்டியல் தெரிய வேண்டும்." யார், எப்போது, எந்த நிலையில், என்ன, எவ்வளவு. இந்த ஐந்தில் ஒன்று விட்டுப்போனாலும் டெவலப்பர் தானாக ஒன்றை நிரப்பிக்கொள்வார். அவர் நிரப்பியது என்னவென்று ஆப் கைக்கு வரும்போதுதான் உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுங்கள்: ஏலம்-01, ஏலம்-02, பட்டியல்-01 என்று. ஒரு வரியை நீக்கினால் அதன் எண்ணை மறுபடி வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். டெஸ்டர் எழுதும் பக் ரிப்போர்ட்டில் 'பட்டியல்-07 படி இல்லை' என்று வரும்; அந்த எண் நாளைக்கு வேறு ஒன்றைக் குறித்தால் எல்லாம் குழம்பிவிடும்.

கணக்கு வரும் இடத்தில் சூத்திரம் மட்டும் எழுதினால் போதாது, ஒரு முழுக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எடுத்துக்காட்டாக, 42 தார் ஏத்தன் வாழை, எடை 486.5 கிலோ, கிலோ ரூ.32. மொத்தம் ரூ.15,568. கமிஷன் 8% என்றால் ரூ.1,245.44. இறக்குக்கூலி தாருக்கு ரூ.3 வீதம் ரூ.126. கணக்குப்பிள்ளை கமிஷனில் பைசாவை விட்டுவிட்டு 1,245 போடுகிறார், விவசாயிக்கு ரூ.14,197. டெவலப்பர் கடைசித் தொகையில் பைசாவை வெட்டினால் ரூ.14,196. ஒரு ரூபாய்தான். ஆனால் அந்த ஒரு ரூபாய் ஒவ்வொரு பட்டியலிலும் வந்து, சாயங்காலம் கல்லாப்பெட்டியும் ஆப்பும் ஒத்துப்போகாது. இரண்டாவது நாளே ஆப்பை ஓரமாக வைத்துவிட்டு நோட்டை எடுத்துவிடுவார்கள். பைசாவை எந்தப் படியில், எந்தப் பக்கம் முழுதாக்குவது என்று ஒரு தனி வரி எழுதுங்கள்.

அளவையும் கவனியுங்கள். அந்த மண்டியில் ஏத்தன் எடைக்கு, கோழிக்கூடு, கதலி ரகங்கள் தார்க்கணக்குக்கு. 'விலை' என்று ஒரே ஒரு கட்டம் வைத்தால் அது கிலோ விலையா தார் விலையா?

4. 'இல்லேன்னா என்ன?' என்று ஒவ்வொரு வரியிடமும் கேளுங்கள்

எல்லாம் சரியாக நடக்கும் வழியை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். ப்ராடக்ட் மேனேஜருக்குச் சம்பளம் இந்தப் படிக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சிக்னல் இல்லேன்னா? களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத் தோப்பில் நின்று தார் எண்ணும் ஆளுக்கு சிக்னல் வந்து போகும். "இணைப்பு இல்லாதபோதும் பதிவு செய்ய முடிய வேண்டும், இணைப்பு வந்ததும் தானாக ஏற வேண்டும், ஏறாத பதிவு எத்தனை என்று திரையின் மேலே எப்போதும் தெரிய வேண்டும்." மூன்றாவது பகுதியை விட்டுவிடாதீர்கள். ஏறியதா ஏறவில்லையா என்று தெரியாத ஆள் இன்னொரு தடவை பதிவார். ஒரே வரவு இரண்டாக நிற்கும்.

ஒரே வரவை இரண்டு பேர் இரண்டு போனில் திருத்தினால்? யாருடையது நிற்கும், மற்றவருக்கு என்ன செய்தி காட்டும்?

பட்டியல் கொடுத்தபின் எடை தப்பு என்று தெரிந்தால்? பழையதை அழித்துப் புதிதாக எழுதலாமா, பழையது அப்படியே இருக்கத் திருத்தப் பட்டியல் தனியாக வருமா? பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் எப்போதும் இரண்டாவதையே கேளுங்கள். யார் திருத்தினார், எப்போது, பழைய எண் என்ன என்பது நிற்க வேண்டும்.

முன்பணம் வாங்கிய விவசாயிக்கு இன்றைய வரவு முன்பணத்தைவிடக் குறைவு என்றால் பட்டியலில் கழித்தல் குறியோடு தொகை வருமா, பூஜ்யம் வந்து பாக்கி தனியாக நிற்குமா? ஒரே நாளில் ஒருவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கொடுக்க வேண்டி வந்தால்? ஆளுக்கு ஆள் அனுப்பும் சாதாரண யூ.பி.ஐ.யில் நாளொன்றுக்கு ஒரு லட்சம்தான் வரம்பு. மீதி ரொக்கமா, நெஃப்டா? ஒரே பட்டியலுக்கு இரண்டு வகைப் பணம் என்று பதிய இடம் இருக்கிறதா? ஏப்ரல் 1 அன்று புது நிதியாண்டு. பில் எண் ஒன்றிலிருந்து தொடங்குமா, மார்ச் 31 இரவு ஏறாமல் நின்ற பதிவு எந்த ஆண்டுக்குப் போகும்? கணக்குப்பிள்ளை போனைத் தொலைத்துவிட்டால் அந்த போனை ஆப்பிலிருந்து யார், எப்படி வெளியே தள்ளுவது?

ஒவ்வொன்றுக்கும் பதிலை நீங்களே ஊகிக்காதீர்கள். முதலாளியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் சேர்த்துக் கேளுங்கள். இருவரும் வேறு வேறு பதில் சொன்னால் நல்லது, அது ஆப் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பதில் கிடைக்காத கேள்வியை 'முடிவாகாதவை' என்ற தலைப்பில், யார் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பதோடு ஆவணத்திலேயே வையுங்கள்.

5. தமிழ் ஆப் என்பதால் வரும் சிக்கல்கள்

பெயர்: 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற கட்டத்தை வெட்டிவிடுங்கள். இன்ஷியல், பெயர், ஊர், பட்டப்பெயர் என்று நான்கு கட்டம் வையுங்கள். பெயர் மட்டும் கட்டாயம். ஒரே ஊரில் மூன்று இசக்கிமுத்து இருப்பார்கள். பட்டப்பெயரை வைத்துத்தான் கணக்குப்பிள்ளை பிரித்துச் சொல்வார். போன் நம்பரை வைத்து ஆளை அடையாளம் காண நினைக்காதீர்கள். அப்பாவும் மகனும் ஒரே நம்பரில் இருப்பார்கள்.

தேடல்: 'ஷண்முகம்' என்று தேடினால் 'சண்முகம்' வர வேண்டும். ஆங்கிலத்தில் தட்டினாலும் தமிழ்ப் பெயர் வர வேண்டுமா என்பதைத் தனியாக முடிவு செய்யுங்கள், அதற்கு வேலை கூடுதல்.

வரிசை: கணினியின் எழுத்துக்குறி வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வரும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்து. நம் அகரவரிசையில் ற, ன இரண்டும் கடைசி. "பெயர்ப் பட்டியல் தமிழ் அகரவரிசைப்படி" என்று எழுதி, பத்துப் பெயரை வரிசைப்படுத்தியும் காட்டுங்கள்.

எஸ்.எம்.எஸ்.: இங்கேதான் காசு கரையும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70. அதைத் தாண்டினால் துண்டு ஒன்றுக்கு 67 வீதம் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணக் கூடாது; 'நெல்லை' நமக்கு மூன்று எழுத்து, செய்திக் கணக்கில் ஆறு. ஆங்கிலத்தில் ஒன்றாகப் போகிற செய்தி தமிழில் இரண்டு மூன்றுக்கான காசை வாங்கிவிடும். செய்தியின் வாசகத்தை ஆவணத்திலேயே முழுதாக எழுதி, நீளமான பெயரும் பெரிய தொகையும் போட்டு எண்ணிப் பார்த்து, மாதச் செலவை முதலாளிக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள்.

அச்சு: கடைகளில் இருக்கும் சிறிய தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. எழுத்தாக அனுப்பினால் கட்டம் கட்டமாக அச்சாகும். பட்டியலைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் அச்சாக நேரமும் கூடும். மண்டியில் இருக்கும் பிரிண்டரின் மாடலைக் குறித்துக்கொண்டு வாருங்கள். 'தமிழில் அச்சாக வேண்டும்' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். பி.டி.எஃப்.பிலும் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதுண்டு. 'கெ', 'கொ', 'கௌ' மூன்றும் வருகிற ஒரு சோதனை வரியை ஆவணத்தில் சேர்த்துவிடுங்கள்.

தொகை: 14,19,700 என்று லட்சத்துக்குக் காற்புள்ளி. 1,419,700 என்று வந்தால் கணக்குப்பிள்ளை ஒரு நிமிடம் நின்றுதான் படிப்பார்.

6. அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகளுக்குத் தேதியும் செலவும்

உங்கள் டீம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சில வேலைகள் வெளியே போய்த்தான் வர வேண்டும். இவற்றைத் தேவை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். எழுதத் தொடங்கும் வாரத்திலேயே இவற்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆப் தயாரானபின் தொடங்கினால் தயாரான ஆப் சும்மா கிடக்கும்.

எஸ்.எம்.எஸ். அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டி.எல்.டி. (செய்தி அனுப்பும் நிறுவனங்களையும் வாசகங்களையும் பதியும் தளம்) பதிவு வேண்டும். முதலில் நிறுவனத்தைப் பதிய வேண்டும், அடுத்து அனுப்புநர் பெயர், அதற்கடுத்து ஒவ்வொரு செய்தி வாசகமும். பான், ஜி.எஸ்.டி. அல்லது நிறுவனப் பதிவுச் சான்று, பொறுப்பாளருக்கான அதிகாரக் கடிதம் தயாராக இருக்கட்டும். அனுமதி வாங்கிய வாசகத்துக்கும் அனுப்புகிற வாசகத்துக்கும் ஒரு புள்ளி மாறினாலும் செய்தி போகாது. செய்திக்குள் லிங்க் இருந்தால் அதற்கும் முன்கூட்டியே அனுமதி வேண்டும். அதனால் வாசகத்தை முடிவு செய்தபின்தான் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு செய்வதைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு வாசகம் திரும்பி வந்தால் மறுபடி சில நாள் போகும். இரண்டு வாரம் ஒதுக்கிவிடுவது நிம்மதி.

கூகுள் பிளேயில் கணக்குத் திறக்க ஒரே தடவை 25 டாலர். தனிநபர் பெயரில் 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த கணக்கு என்றால், ஆப்பை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். நிறுவனக் கணக்குக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நிறுவனத்தை அடையாளம் காட்டும் டன்ஸ் எண் வேண்டும், அது இலவசம் என்றாலும் வந்து சேர ஒரு மாதம் வரை ஆகலாம். யாருடைய பெயரில் கணக்கு என்பதையும் எழுதுங்கள். செய்து கொடுக்கும் நிறுவனத்தின் பெயரில் இருந்துவிட்டால், பின்னால் வேறு ஆளிடம் வேலையைக் கொடுக்கும்போது மண்டிக்காரருக்குத் தலைவலி. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர். மண்டியில் யார் கையிலும் ஐபோன் இல்லை என்றால் 'ஐபோன் இதில் வராது' என்று எழுதி அந்தச் செலவை நிறுத்துங்கள்.

பணம் வாங்குவது யூ.பி.ஐ. என்றால் கடைக்காரரிடம் எம்.டி.ஆர். (பணம் வாங்குவதற்கான கட்டணம்) பிடிப்பதில்லை. கார்டும் நெட்பேங்கிங்கும் சேர்த்துப் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) கேட்டால் பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டிய கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பணம் கணக்கில் சேர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும். அன்றன்றைக்குப் பணம் பட்டுவாடா செய்கிற மண்டிக்கு இந்தத் தாமதம் பெரிய விஷயம். 'பணம் வந்தது' என்பதும் 'கணக்கில் சேர்ந்தது' என்பதும் ஆப்பில் இரண்டு நிலையாக இருக்க வேண்டும்.

இன்னொரு செலவு: மண்டியில் இருப்பவர்கள் வைத்திருக்கும் அதே மாதிரிப் பழைய போன் ஒன்றை டீமுக்கு வாங்குங்கள். நெல்லை ஜங்ஷன் பக்கம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். 'குறைந்தபட்சம் இந்த போனில் ஓட வேண்டும்' என்று ஆவணத்தில் மாடலோடு எழுதினால், டெவலப்பர் தன்னுடைய புது போனில் மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்ல மாட்டார்.

7. ஏற்பு நிபந்தனையை முன்பே எழுதுங்கள்

ஒவ்வொரு முக்கியத் தேவைக்குக் கீழும் 'இந்த நிலையில், இதைச் செய்தால், இது நடக்க வேண்டும்' என்ற அமைப்பில் இரண்டு மூன்று வரி போதும்.

"இந்த நிலையில்: விவசாயிக்கு ரூ.20,000 முன்பணம் பாக்கி. இதைச் செய்தால்: இன்று ரூ.14,197-க்குப் பட்டியல் போட்டு, முன்பணத்தில் ரூ.5,000 கழிக்கிறோம். இது நடக்க வேண்டும்: கையில் கொடுக்க வேண்டியது ரூ.9,197 என்றும், முன்பணப் பாக்கி ரூ.15,000 என்றும் பட்டியலில் தெரிய வேண்டும்."

2-ஆம் படியில் வாங்கி வைத்த அந்த ஒரு நாள் முழுக்கணக்கு இங்கே வேலைக்கு வரும். அதைப் பெயர் மாற்றிச் சோதனைத் தரவாக்கி, "இந்த நாளின் எல்லா வரவையும் ஆப்பில் ஏற்றினால், கணக்குப்பிள்ளையின் சிட்டையில் உள்ள கூட்டுத்தொகையே வர வேண்டும்" என்று ஒரே ஒரு கடைசி நிபந்தனை எழுதுங்கள். நூறு டெஸ்ட் கேஸ் பிடிக்காததை இது பிடித்துவிடும். முதலாளிக்கும் நம்பிக்கை வரும், ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கணக்கு.

8. எது கட்டாயம், எது பிறகு

இணைய நெறிமுறை எழுதுகிறவர்கள் ஆர்.எஃப்.சி. 2119 என்று 1997-இல் ஓர் ஒழுங்கு வகுத்தார்கள்: கட்டாயம், பரிந்துரை, விருப்பம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே பொருள். நாமும் அப்படி வைத்துக்கொள்ளலாம். 'வேண்டும்' என்றால் இல்லாமல் வெளியிட முடியாது. 'இருந்தால் நல்லது' என்றால் நேரம் இருந்தால். 'அடுத்த பதிப்பு' என்றால் இப்போது தொடக்கூடாது. இந்த மூன்றைத் தவிர வேறு சொல் வேண்டாம்.

முதலாளியிடம் கேட்டால் எல்லாமே கட்டாயம் என்பார். அப்போது, "இது மட்டும் இல்லாம நாளைக்குக் காலைல ஏலம் நடத்த முடியுமா அண்ணாச்சி?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அது கட்டாயம் இல்லை.

9. வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வாங்குங்கள், மாற்றத்தைப் பதியுங்கள்

ஆவணத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பாத்துட்டு சொல்லுங்க" என்று காத்திருக்காதீர்கள். "நல்லா இருக்கு" என்று பதில் வரும், படித்திருக்க மாட்டார்கள். எதிரே உட்கார்ந்து வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். திரைகளைக் காகிதத்தில் பென்சிலால் வரைந்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. பென்சில் படத்தைத் தயங்காமல் குறை சொல்வார்கள், அழகாக வடிவமைத்த திரையைப் பார்த்தால் தலையாட்டிவிடுவார்கள். கணக்குப்பிள்ளை கட்டாயம் இருக்க வேண்டும். முதலாளி முன்னால் அவர் பேச மாட்டார் என்று தோன்றினால் அவரிடம் முதல் நாளே தனியாக வாசித்துவிடுங்கள்.

டெவலப்பரோடும் டெஸ்டரோடும் தனியாக ஒரு வாசிப்பு. அவர்களை ஒவ்வொரு பகுதியையும் தங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கதை மாறுகிறதோ அந்த வரியை அங்கேயே திருத்துங்கள். ஒரு மணி நேரத்தில் முடியாது, அரை நாள் வையுங்கள்.

பிறகு அச்செடுத்து, பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் முதலாளியின் கையெழுத்து. உறவுக்காரர், ஒரே ஊர் என்று கூச்சப்பட்டு இதை விடாதீர்கள். பழக்கம் இருக்கும் இடத்தில்தான் காகிதம் அதிகம் தேவை. பணம் மூன்று தவணை என்றால், முதல் தவணை இந்தக் கையெழுத்தோடு, இரண்டாவது முதல் சோதனைப் பதிப்போடு, கடைசி 7-ஆம் படியின் அந்தக் கூட்டுத்தொகை ஒத்துப்போன அன்றைக்கு என்று எழுதிக்கொள்ளலாம்.

இதன் பிறகும் மாற்றம் வரும், வராமல் இருக்காது. ஒரு பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டு வையுங்கள்: தேதி, யார் கேட்டது, எந்த எண் உள்ள வரி, எத்தனை நாளும் எவ்வளவு ரூபாயும் கூடும், யார் ஒப்புக்கொண்டது. மண்டியில் நிற்கும்போது வாய்வார்த்தையாக வந்த மாற்றத்தை அன்று இரவே இதில் ஏற்றி, அந்த வரியை மட்டும் படமெடுத்து முதலாளிக்கு அனுப்பி, "சரி" என்று பதில் வந்தபின்தான் டெவலப்பரிடம் கொண்டுபோக வேண்டும்.